குழுவோடதுன்னா ஏன் யாரும் துடைக்கல?

என் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் ஒரு பவர் வீடர் நிற்கிறது. நிற்கிறது என்பதைவிடக் கிடக்கிறது என்று சொல்வதுதான் சரி. அதன் கைப்பிடியில் கோழி ஏறி உட்காரும். பிளேடில் பாதி துரு. மூன்று வருஷமாக தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் பால் கறக்கப் போகிறேன். ஒருநாளும் என் கண்ணில் அது உறுத்தினதில்லை. போன செப்டம்பர் கடைசியில் பதினாறு வயசுப் பெண் ஒருத்தி வந்து கேட்ட பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது.

"இது யாருதுங்க ஐயா?"

"நம்ம குழுவோடதும்மா."

"குழுவோடதுன்னா ஏன் யாரும் துடைக்கல?"

நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். அவளும் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. இயற்கை உழவர் குழு, உற்பத்தியாளர் குழு, சான்றிதழ்க் குழு என்று ஏதாவது ஒன்றில் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். நம் எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி இது என்று படுவதால்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பெண் எங்கள் ஊருக்கு முகாமுக்கு வந்த மாணவி. பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். காலாண்டு விடுமுறையில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம். இந்தத் திட்டம் 1969 செப்டம்பர் 24-ல், காந்தி நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. பிறகு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது அதன் முழக்கம். முகாம் என்றாலே சாலை ஓரத்தைக் கூட்டுவார்கள், கோயில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், ஒரு ஊர்வலம் போவார்கள், கடைசி நாள் நம்மைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

இந்த முறை திட்ட அலுவலராக வந்த ஆசிரியர் கொஞ்சம் வேற மாதிரி ஆள். "ஊருக்கு நெஜமாவே தேவைப்படற வேலை ஒண்ணு சொல்லுங்க சார்" என்று முன்கூட்டியே வந்து கேட்டார். ஏரிக்கு வரும் வரத்துக் கால்வாயைக் காட்டினோம். எங்களுடையது சின்ன ஏரி. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைவு என்பதால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. எங்கள் ஏரியின் முறை என்றைக்கு வருமோ என்று காத்துக்கிட்டிருந்தோம். கால்வாயில் 200 மீட்டருக்கு மண் மேவி, கோரையும் சீமைக்கருவேலமும் முளைத்துக் கிடந்தது.

50 பிள்ளைகள். ஆசிரியர் ஐந்து அணியாகப் பிரித்தார். நான் கொடுத்த யோசனைப்படி அணிகளுக்கு நெல் பெயர்: தூயமல்லி, சீரகச் சம்பா, கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம். ஆளுக்குப் பத்துப் பேர், அணிக்கு 40 மீட்டர். நம்ம கேள்விக்காரப் பெண் காட்டுயானம்.

நிறைவு விழாவில் ஒவ்வொரு அணியிலிருந்தும் ஒருவர் அனுபவம் சொன்னார்கள். வழக்கமாக "இந்த முகாம் எங்களுக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று ஆரம்பித்து நன்றியில் முடியும். அவள் நோட்டைப் பிரித்து, நடந்ததை நடந்தபடி வாசித்தாள். பிறகு அந்தப் பக்கங்களைக் கேட்டு வாங்கினேன். அவளிடமும் ஆசிரியரிடமும் சொல்லிவிட்டுத்தான் சில பகுதிகளை இங்கே தருகிறேன்.

காட்டுயானம் தோற்ற கதை

"முதல் நாள் எங்க டீம்தான் கடைசி. மத்தவங்க பத்து மீட்டர் கிட்ட வந்துட்டாங்க. நாங்க ஆறு மீட்டர்கூட தாண்டல. இத்தனைக்கும் எங்க லீடர் அண்ணன் கபடி பிளேயர். மம்மட்டியை யாருக்கும் குடுக்காம அவரே வெட்டுனார். நாங்க கேட்டா, 'நீங்க வெட்டுனா லேட் ஆகும், தள்ளு'ன்னு சொன்னார். நாங்க நின்னு பாத்தோம். அவருக்கு கையில கொப்புளம். எங்களுக்கு கோபம். நெஞ்சுல 'எனக்காக அல்ல, உனக்காக'ன்னு பேட்ஜ் குத்தியிருந்தோம். ஆனா எல்லாரும் மம்மட்டி எனக்கு எனக்குன்னுதான் நின்னோம்."

அன்றைக்கு ராத்திரி கூட்டத்தில் ஆசிரியர் யாரையும் திட்டவில்லையாம். மூன்றே கேள்விதான் கேட்டிருக்கிறார். இன்றைக்கு என்ன நடந்தது? யார் சும்மா நின்றார்கள், ஏன் நின்றார்கள்? நாளைக்கு எதை மாற்றுவோம்? தலைவர் கடைசியாகத்தான் பேச வேண்டும். இன்னொரு விதியும் போட்டிருக்கிறார்: தலைவர் தினமும் மாற வேண்டும்.

"ரெண்டாம் நாள் நான் லீடர். எனக்கு மம்மட்டி பிடிக்கவே தெரியாது. அதனால நான் வெட்டல. யார் என்ன செய்யலாம்னு கேட்டேன். மூணு பேர் வெட்டுறது, ரெண்டு பேர் கோரையை வேரோட பிடுங்குறது, அஞ்சு பேர் வரிசையா நின்னு கூடையை கை மாத்துறது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இடம் மாத்திக்கிட்டோம். அன்னைக்கு ஒன்பது மீட்டர். கபடி அண்ணன்தான் ரொம்ப சந்தோஷப்பட்டார். 'இன்னிக்கு எனக்கு முதுகு வலிக்கல'ன்னு சொன்னார்."

இந்தக் கடைசி வரியைக் கேட்டு விழாவில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் பிறகு சொல்கிறேன்.

மூன்றாம் நாள், அதிகம் பேசாத ஒரு பையன் தலைவர். அன்று காட்டுயானத்துக்குச் சமையல் முறை. யார் அடுப்பைப் பார்ப்பது என்று அவன் பிரித்துச் சொல்லாமல் விட்டுவிட்டான். சோறு அடிப்பிடித்துவிட்டது. 50 பேரும் அந்தத் தீய்ந்த வாசனையோடுதான் சாப்பிட்டிருக்கிறார்கள். அவள் எழுதுகிறாள்:

"யாரும் அவனைத் திட்டல. திட்டியிருந்தா நாலாம் நாள் லீடரா இருக்க யாரும் ஒத்துக்கிட்டிருக்க மாட்டோம்."

நான் வங்கியில் இருந்த காலத்தில் நிர்வாகப் பயிற்சி என்று எத்தனையோ வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். எதிலும் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

இன்னொன்றும் எழுதியிருந்தாள். முதல் நாள் பெண்பிள்ளைகளை மட்டும் காய் நறுக்க அனுப்பிவிட்டு, பையன்களைக் கால்வாய்க்கு அழைத்தார்களாம். ராத்திரிக் கூட்டத்தில் இரண்டு பெண்கள் எழுந்து கேட்டதற்குப் பிறகுதான் சமையலும் ஐந்து அணிக்கும் முறை வைத்து வந்தது. அணியில் இருக்கிறோம் என்று பெயர் இருந்தால் போதாது, முடிவு எடுக்கும் இடத்திலும் இருக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் புரிந்துவிட்டது.

ஆறாம் நாள் காலையில் எங்கள் கழனிக்கு நடவுக்கு வந்தார்கள். எங்கள் ஊர் நடவு ஆட்களில் மூத்த அம்மா ஒருவர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். ரொம்ப மெதுவாக நட்ட பையனை ஓரத்தில் விடாமல் நடுவில் நிறுத்தினார். "ஓரத்துல உட்டா அவன் பாட்டுக்குப் பின்னால தங்கிடுவான். நடுவுல நின்னா ரெண்டு பக்கமும் இருக்கறவங்க ஆளுக்கு ரெண்டு நாத்து சேத்து வெப்பாங்க, வரிசை கலையாது" என்றார். அவள் இதையும் எழுதி, அடிக்கோடு போட்டிருக்கிறாள். அந்த அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். எத்தனை வருஷமாக அவர் என் கழனியில் நடுகிறார். எனக்கு இது தெரியாது. நான் வரப்பில் நின்று ஆள் கணக்கு எழுதிக்கிட்டு இருந்தவன்.

வங்கியில் நான் பார்த்த குழுக்கள்

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் குழு என்ற பேச்சே வங்கியில் கிடையாது. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு, 500 சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு குழு என்பது எங்கள் அன்றாட வேலை ஆனது. எத்தனையோ குழுக்களுக்கு நானே கணக்குத் தொடங்கியிருக்கிறேன்.

இருபது வருஷம் பார்த்ததில் ஒரு விஷயம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. தவறாமல் கூட்டம், தவறாமல் சேமிப்பு, உள்கடன், ஒழுங்கான திருப்பம், சரியான கணக்கு என்று ஐந்து சூத்திரம் சொல்வோம். ஐந்தும் முக்கியம்தான். ஆனால் நிலைத்த குழுவில் நான் பார்த்தது, கூட்டத்தில் கணக்கை உரக்கப் படிப்பார்கள். எழுதத் தெரியாத அம்மாவுக்கும் தன் பாக்கி எவ்வளவு, பக்கத்தில் இருப்பவர் பாக்கி எவ்வளவு என்று மனப்பாடமாகத் தெரியும். பொறுப்பாளர் மாறிக்கொண்டே இருப்பார். கணக்கு எழுதத் தெரிந்த ஒருத்தர் வீட்டிலேயே நோட்டு தங்கிவிட்ட குழுக்கள், பார்க்க ரொம்ப ஒழுங்காக இருக்கும். அந்த ஒருத்தர் ஊரைவிட்டுப் போனதும் குழுவும் போய்விடும்.

பிறகு கூட்டுப் பொறுப்புக் குழு வந்தது. நாலு முதல் பத்துப் பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கடன் வாங்குவது. அதில் நான் பார்த்த பல குழுக்கள் கடன் கொடுத்த அன்றைக்குப் பிறந்து, அன்றைக்கே செத்துப்போனவை. ஐந்து கையெழுத்து இருக்கும். வெளியே வந்ததும் ஐந்து பேரும் ஐந்து பஸ் ஏறுவார்கள்.

இவ்வளவும் தெரிந்த மனுஷன்தான் நான். ஓய்வு பெற்று, கழனியில் இறங்கி, இயற்கை விவசாயத்துக்கு மாறி, ஊரில் ஒரு குழுவும் ஆரம்பித்தேன். ஆரம்பித்து என்ன செய்தேன் என்று இப்போது சொல்ல வேண்டும்.

நான்தான் அந்தக் கபடி அண்ணன்

ஏழு பேர் சேர்ந்தோம். பி.ஜி.எஸ். சான்று முறையில் குறைந்தது ஐந்து உழவர்கள் இருந்தால்தான் உள்ளூர்க் குழு அமைக்க முடியும். வெளியிலிருந்து ஆய்வாளர் வரும் முறை அல்ல அது. நாமே ஒருத்தர் கழனியை ஒருத்தர் போய்ப் பார்த்து, பேசி, சேர்ந்து உறுதி சொல்கிறோம். அந்த முறைக்கு ஆதாரமே பக்கத்து உழவரின் கண்தான்.

எங்கள் குழுவில் விண்ணப்பம் நிரப்புவது நான். கணக்கு நான். வேளாண்மை அலுவலகத்துக்குப் போவது நான். மற்ற ஆறு பேரும் என்னை "பேங்க் சார்" என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஏழு பேரில் ஆறு பேர் ஒருத்தரை சார் என்று கூப்பிட்டால் அது குழுவா, கிளை அலுவலகமா என்று நான் யோசிக்கவில்லை.

பவர் வீடர் வாங்கினோம். மானியம் போக ஆளுக்கு 5,000 ரூபாய் போட்டோம். சாவி என்னிடம். முதல் நாளே சொல்ல வேண்டும், பயன்படுத்தியதும் கழுவிக் கொண்டுவர வேண்டும், பெட்ரோல் அவரவர் செலவு என்று நானே விதி எழுதிக் கொட்டகையில் ஒட்டினேன். விதி எல்லாம் சரியான விதிதான். யாரையும் கேட்டு எழுதவில்லை என்பதுதான் குறை. மல்லாட்டைக் கொல்லியில் ஒருமுறை கல்லில் மாட்டி பிளேடு வளைந்தது. கடைசியாக எடுத்தவர், "நான் எடுக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு" என்றார். அதற்கு முன்னால் எடுத்தவர் பேசவே இல்லை. வண்டி அப்படியே நின்றது. டேங்கில் பெட்ரோல் தங்கி கார்புரேட்டர் அடைத்துக்கொண்டது. ஆளாளுக்கு வாடகை வண்டி தேடிப் போய்விட்டார்கள். "நம்ம ஜனங்களுக்கு ஒத்துமை கிடையாது" என்று நான் வீட்டில் புலம்பினேன்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும். ஒருத்தர் கழனியை ஒருத்தர் போய்ப் பார்க்க வேண்டும் என்றேன் இல்லையா? இரண்டாம் வருஷம் எல்லோருக்கும் வேலை நெருக்கடி. என் வீட்டுத் திண்ணையில் ஏழு படிவத்தையும் நானே நிரப்பினேன். எல்லோரும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். ஏழு கழனியில் ஒன்றைக்கூட யாரும் மிதிக்கவில்லை.

அந்தப் பருவத்தில் எங்கள் உறுப்பினர் ஒருவருக்குச் சம்பாவில் தண்டுத்துளைப்பான் தாக்கியது. குருத்து காய்ந்து, கதிர் வெளுத்து வந்தது. மூன்று நாள் என் வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். பேங்க் சாரிடம் எப்படிச் சொல்வது, சான்று போய்விடும் என்று பயம். நாலாம் நாள் கடைக்குப் போய் ஒரு டப்பா வாங்கி, தனியாகப் போய் அடித்துவிட்டார். அறுவடை முடிந்ததும் ஒரு வார்த்தையும் சொல்லாமல் குழுவிலிருந்து விலகினார். ஒரு வருஷம் கழித்து அவர் மனைவி சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரியும்.

அவர் தப்பு செய்தாரா? செய்தார். ஆனால் அவரை அந்தக் கடைக்கு அனுப்பியது யார் என்று யோசித்தால் என் திண்ணைதான் ஞாபகம் வருகிறது. அன்று யாராவது இரண்டு பேர் அவர் கழனிக்குப் போயிருந்தால் ஆரம்பத்திலேயே பார்த்திருப்பார்கள். நாற்று நுனியில் இருக்கும் முட்டைக் குவியலைக் கிள்ளிவிட்டு நடுவது, பறவை உட்காரக் குச்சி நடுவது, விளக்குப் பொறி, ட்ரைக்கோகிரம்மா முட்டை அட்டை, 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். தெரிந்த ஏழு பேர் இருந்தும் அவர் தனியாகத் தவித்திருக்கிறார்.

நமக்குத்தான் அணி அதிகம் தேவை

இந்த இடத்தில் என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ரசாயன விவசாயத்தைத் தனி ஆளாகச் செய்ய முடியும். இயற்கை விவசாயத்தைத் தனி ஆளாக ரொம்ப நாள் செய்ய முடியாது.

ஒரு ஏக்கருக்கு மருந்து அடிக்க ஒரு ஆள், ஒரு கைத்தெளிப்பான், கடையில் ஒரு டப்பா போதும். அதே ஒரு ஏக்கருக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் வேண்டும் என்றால் பருவத்தில் வேப்பம்பழம் பொறுக்கிக் காயவைத்திருக்க வேண்டும். 10 கிலோ பருப்பை இடிக்க வேண்டும், ராத்திரி முழுக்க ஊறவைக்க வேண்டும், வடிகட்டி 200 லிட்டர் ஆக்க வேண்டும், சாயங்காலத்தில் அடிக்க வேண்டும். களைக்கொல்லி இல்லை என்றால் களை பறிக்கக் கை வேண்டும். விதையை நாமே வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், ஒருவருக்குப் பொய்த்துப் போனால் கொடுக்க இன்னொருவரிடம் அதே விதை இருக்க வேண்டும். டப்பா என்பதே பக்கத்து வீட்டுக்காரன் தேவையில்லை என்று ஆக்குவதற்கு வந்த சாமான்தான். அதை விட்டவர்கள் பக்கத்து வீட்டுக்காரனையும் விட்டால் எதை வைத்துக்கொண்டு விவசாயம் செய்வது?

நம் பெரியவர்களிடம் மாத்தாள் முறை இருந்தது. இன்றைக்கு என் கழனிக்கு நீ, நாளைக்கு உன் கழனிக்கு நான். கூலி இல்லை, கணக்கு மட்டும் மனசில் இருக்கும். ஏரி வேலைக்குக் குடிமராமத்து இருந்தது. ஆனால் அந்தக் காலத்தை முழுக்கத் தங்கம் என்று சொல்ல நான் தயாரில்லை. யார் மண் சுமப்பது, யார் கரையில் நின்று ஏவுவது என்பதைப் பிறப்பு முடிவு செய்த காலமும் அதுதான். முகாமில் அந்தப் பிள்ளைகள் தெரு பார்க்காமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து அந்தத் தீய்ந்த சோற்றைத் தின்றார்கள். எங்கள் குழுவின் ஏழு பேரும் ஒரே தெரு. அதைவிட, ஏழு பேருமே ஆண்கள். களை எடுப்பதும் மாட்டைப் பார்ப்பதும் விதை காயவைப்பதும் வீட்டுப் பெண்கள். படிவத்தில் அவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. முதல் நாள் முகாமில் நடந்தது எங்கள் குழுவில் இத்தனை வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

சிலர் கேட்பீர்கள்: "ஏழு நாள் முகாமும் நம்ம பொழப்பும் ஒண்ணா சார்? அதுங்களுக்குக் கடனா, வட்டியா? ஏழு நாள் ஒத்துமையா இருக்கறது யாருக்கும் முடியும்." நியாயமான கேள்வி. எட்டாம் நாள் அந்தப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போய் அவரவர் செல்போனைத்தான் பார்த்திருப்பார்கள். அவர்களுக்குள் வரப்புத் தகராறு இல்லை, பங்காளிச் சண்டை இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கவனியுங்கள். அவர்களுக்கு ஒற்றுமை தானாக வந்துவிடவில்லை. முதல் நாள் நம்மைப் போலத்தான் மம்மட்டிக்கு நின்றார்கள். அன்றைய வேலை, அன்றைய ராத்திரியே பேச்சு, மறுநாள் மாற்றம் என்று ஒரு வழக்கம் இருந்தது. அதுதான் அவர்களைச் சேர்த்தது. அந்த வழக்கத்துக்குக் கடனும் வட்டியும் தடை இல்லை. நாம் வைத்துக்கொள்ளாததுதான் தடை.

என்ன செய்யலாம்?

எங்கள் குழுவில் இப்போது ஆரம்பித்திருப்பதைச் சொல்கிறேன். பெரிய சாதனை எதுவும் இல்லை. ஆரம்பம்தான்.

கூட்டம் என் திண்ணையில் இல்லை. மாதம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒருவர் கழனியில். முதலில் கழனியைச் சுற்றி வருகிறோம், பிறகுதான் பேச்சு. அந்தக் கழனிக்காரர் தன் தோல்வி ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். யாரும் திட்டக்கூடாது. காட்டுயானத்துச் சோறு எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது.

கூட்டம் நடத்துபவர் மாறுகிறார். கணக்கு நோட்டு மூன்று மாதத்துக்கு ஒரு வீடு. எழுதச் சிரமப்படுகிறவர் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதுகிறது. எழுதியதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். போன மாதம் கூட்டலில் 40 ரூபாய் உதைத்தது. பழைய நானாக இருந்தால் நோட்டைப் பிடுங்கியிருப்பேன். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்களே அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார்கள். உண்மையைச் சொன்னால் அந்த அரை மணி நேரம்தான் இந்த வருஷம் நான் செய்த கஷ்டமான வேலை.

வீட்டுப் பெண்கள் கூட்டத்துக்கு வருகிறார்கள். மூன்று பேர் பெயரைக் குழுவில் சேர்க்க முடிவு எடுத்திருக்கிறோம். விலகிப்போன நண்பர் வீட்டுக்கு நான் போனேன். படிவத்தோடு போகவில்லை. வெறும் கையோடு போய், என் தப்பைச் சொன்னேன். அவர் இன்னும் திரும்பி வரவில்லை. ஆனால் போன கூட்டம் அவர் கழனிக்குப் பக்கத்துக் கழனியில் நடந்தபோது வரப்பில் வந்து நின்றார்.

நம் இயக்கத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளியில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடக்கும்போது ஒதுங்கி நிற்காதீர்கள். விடுமுறைக்கு இரண்டு மாதம் முன்பே திட்ட அலுவலரைப் போய்ப் பாருங்கள். ஊருக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒரு வேலையை, முடிவு கண்ணுக்குத் தெரிகிற ஒரு வேலையைக் கொடுங்கள். வரத்துக் கால்வாய், பனை விதைப்பு, ஊரில் இருக்கும் பாரம்பரிய விதைகளைக் கணக்கெடுப்பது என்று எவ்வளவோ இருக்கிறது. பிள்ளைகளை இலவசக் கூலி ஆட்களாக நினைக்காதீர்கள். அரை நாள் வேலை போதும். நல்ல சோறும் குடிதண்ணீரும் கழிப்பிட வசதியும் நம் பொறுப்பு. மேடையில் ஏறி ஒரு மணி நேரம் இயற்கை விவசாயம் பற்றிப் பேசாதீர்கள். அவர்களோடு சேர்ந்து கூடை தூக்குங்கள், பேச்சு தானாக வரும். கடைசி நாள் அவர்கள் எழுதியதை வாங்கிப் படியுங்கள். நம்மைப் பற்றி நமக்குத் தெரியாதது அதில் இருக்கும்.

பிள்ளைகள் அந்தக் கால்வாயில் 160 மீட்டர் முடித்தார்கள். கடைசி 40 மீட்டரில் சீமைக்கருவேல வேர் ஆழமாக ஓடியிருந்தது. அவர்கள் கைக்கு அடங்கவில்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் 160 மீட்டர் நன்றாக ஓடிவந்து அந்த 40 மீட்டரில் முட்டி நின்றது. பழைய பழக்கத்தில் நான் ஒன்றியத்துக்கு ஒரு மனு எழுத உட்கார்ந்தேன். பாதியில் நிறுத்திவிட்டுக் கூட்டத்தில் கேட்டேன். மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு பதினோரு பேர் வந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து ஆறு, காலனியிலிருந்து ஐந்து. அன்றைக்கு எனக்குக் கூடை கை மாத்துகிற வேலை. நடுவில் நிறுத்தினார்கள்.

பவர் வீடருக்கு கார்புரேட்டர் பிரித்துக் கழுவியாகிவிட்டது, புது பிளேடு போட்டாகிவிட்டது. செலவு 2,800 ரூபாய், ஏழாகப் பிரித்து ஆளுக்கு 400. சாவி இப்போது என்னிடம் இல்லை. போன வாரம் அது இரண்டு நாள் மல்லாட்டைக் கொல்லியில் ஓடிவிட்டுத் திரும்பி வந்தது. கழுவித்தான் வந்தது. யார் கழுவினார்கள் என்று நான் கேட்கவில்லை.